யூட்டின் பேருக்கு விழுந்த கார்

பரிசு குடுக்கிறது பெரிய வேலையில்லை, பிள்ளையள். குடுக்காமல் விட்ட பரிசுக்குக் காரணம் எழுதுறதுதான் வேலை.

நீங்கள் இந்தக் கந்தோருக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகேல்லை. அதுக்குள்ளை போட்டி விதியள் எழுதுறதிலை என்னைவிடக் கெட்டிக்காரர் ஆகிட்டியளாம், கேள்விப்பட்டன். சந்தோசம். ஓய்வெடுத்துக்கொண்டு வீட்டிலை கிடந்தவளைக் கூப்பிட்டு, "மேடம், உங்க அனுபவத்தைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்களேன்" எண்டு கேட்டது இந்தச் சென்னைப் பிள்ளைதான். முதல்லை அந்த மேடத்தை விடம்மா. இருபத்திரண்டு வருசம் இஞ்சை வேலை செய்தனான், ஒருத்தரும் என்னை மேடம் எண்டு கூப்பிட்டதில்லை. அக்கா எண்டு சொல்லு, இல்லாட்டி அன்ரி எண்டு சொல்லு. மேடம் எண்டால் எனக்கு முதுகு தானா நிமிருது, பிறகு ரெண்டு நாளைக்கு நோகுது.

விதியளைப் பற்றி நான் ஒண்டும் சொல்லப்போறேல்லை. அதெல்லாம் அலமாரியிலையும் கொம்பியூட்டரிலையும் கிடக்கு, போய் வாசியுங்கோ. நான் பிழை விட்ட ஒரு ஃபைலைப் பற்றித்தான் சொல்லப்போறன். கேக்கச் சந்தோசமான கதையில்லை. முடிவிலை தயவுசெய்து ஆரும் கைதட்ட வேண்டாம்.

இப்ப உங்களுக்குக் காலம் சுகம். கடைக்காரர் தங்கடை பரிசுப் போட்டியை முன்கூட்டிப் பதியத் தேவையில்லை எண்டு மாகாணம் கொஞ்ச வருசத்துக்கு முன்னாலை சட்டத்தை மாத்திப்போட்டுது. அப்ப அப்பிடியில்லை. ஒரு கடை கார் ஒண்டு பரிசாக் குடுக்கப்போகுது எண்டால், நாங்கள் விதியளைப் பிரெஞ்சிலை எழுதி, குலுக்கலுக்கு முன்னமே அனுமதிக் கந்தோருக்கு அனுப்பி, கட்டணமும் கட்டோணும். குலுக்கல் அண்டைக்குப் பக்கத்திலை நிக்கோணும். பேந்து, பரிசு ஆருக்குப் போனது எண்டு அறிக்கை அனுப்போணும். முதல்லை பேர் விழுந்த ஆளுக்குக் குடுக்கேல்லையெண்டால், ஏன் குடுக்கேல்லை எண்டும் அதிலை எழுதோணும். அந்தக் காரணத்துக்கெண்டு அறிக்கையிலை ஒரு கட்டம் இருந்தது.

என்னை இந்த வேலைக்குப் பழக்கினவ ஒரு பிரெஞ்சுக்காரி. எங்கடை பகுதிக்கு அவதான் பொறுப்பு, பெரியவ எண்டுதான் அவவைச் சொல்லுவம். உயரமான மனுசி, சிரிக்கமாட்டா, சாப்பாட்டு நேரத்திலையும் அறிக்கை வாசிப்பா. நான் சேர்ந்த முதல் கிழமை ஒரு படிவத்தைத் தூக்கி என்ரை மேசையிலை போட்டா. ஒரு கட்டம் வெறுமையாக் கிடந்தது. "வெறுங்கட்டம் விடாதே. வெறுங்கட்டத்தைப் பாத்தால் அனுமதிக் கந்தோரிலை இருக்கிறவைக்குக் கேள்வி வரும். கேள்வி வந்தால் கடைக்காரன் பயப்பிடுவான். பயந்த கடைக்காரன் அடுத்த வருசம் எங்களிட்டை வரமாட்டான்" எண்டா. அவ சொன்னது கன தரம் சரியாத்தான் இருந்தது. அதாலைதான் நான் அதை யோசிக்காமலே செய்யப் பழகினன்.

சரி, ஃபைலுக்கு வாறன். செல்வம் அண்ணை எண்டு ஒருத்தர் தமிழ்ப் பலசரக்குக் கடை வைச்சிருந்தவர். நல்ல மனுசன், ஆனால் வாய் பெரிசு. பக்கத்திலை புதுசா இன்னொரு கடை வந்து ஆக்களை இழுக்க, அவர் போட்டிக்குக் கார் குடுக்கிறன் எண்டு வெளிக்கிட்டார். ஒரு சின்ன வெள்ளைக் காரை வாங்கி, சிவப்பு ரிபன் கட்டி, கடை வாசல்லை நிப்பாட்டினார். உள்ளுக்கை கூப்பன் போட ஒரு பெட்டி. சாமான் வாங்காத ஆக்களுக்கும் கூப்பன் குடுக்கோணும் எண்டது விதி. அது மட்டும் கடைசி வரைக்கும் அந்த மனுசனுக்கு விளங்கேல்லை.

"ஒரு வெண்டிக்காயும் வாங்காமல் காரைக் கொண்டுபோறதோ, தங்கச்சி? இது என்ன விசர்ச் சட்டம்?"

"சட்டம் அப்பிடித்தான் அண்ணை. வாங்கினால்தான் கூப்பன் எண்டால் அது சூதாட்டமாப் போயிடும்."

"நான் கடை நடத்துறனோ, கோயில் நடத்துறனோ?"

எங்கடை சனம் கூப்பன் நிரப்புற விதம் உங்களுக்குத் தெரியும்தானே. தன்ரை பேரிலை ஒண்டு. மனுசன்ரை பேரிலை ஒண்டு. பேந்து, வீட்டிலை ஆர் ராசியான ஆளோ அவையின்ரை பேரிலை மிச்சமெல்லாம். தொட்டில்லை கிடக்கிற பிள்ளையின்ரை பேரையும் எழுதிப் போடுவினம். அது தெரிஞ்சுதான் பதினெட்டு வயசுக்கு மேலை எண்ட விதியை நான் கொட்டை எழுத்திலை போடுவிச்சன். தமிழிலையும் எழுதி ஒட்டினன். பெரிய புத்திசாலி வேலை செய்துபோட்டன் எண்டு எனக்கு உள்ளுக்கை ஒரு பெருமை. இந்த நாட்டிலையே இல்லாத ஒரு ஆளின்ரை பேர் அந்தப் பெட்டிக்குள்ளை விழும் எண்டு நான் நினைக்கேல்லை.

நத்தார்ப் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை, மத்தியானம் போலை, குலுக்கல் நடந்தது. வெளியிலை ஸ்னோ கொட்டுது, உள்ளுக்கை சனம் தலைக்கு மேலை. மீன் வாங்க வந்த ஒரு மனுசியைக் கூப்பிட்டுச் சீட்டை எடுப்பிச்சம். அவ எடுத்து என்ரை கையிலை தந்தா. நான் வாசிச்சன். யூட் எண்டு பேர், தகப்பன் பேர், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியிலை ஒரு அப்பார்ட்மென்ற் விலாசம், போன் நம்பர். கையெழுத்து வடிவா, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா இருந்தது. செல்வம் அண்ணைக்குப் பொறுமை ஏது? அந்த இடத்திலையே போனைப் போட்டு, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சத்தத்தையும் கூட்டிவிட்டார்.

"ஹலோ, யூட் தம்பி நிக்கிறாரோ?"

ஒரு பொம்பிளைக் குரல் கேட்டுது. "ஆர் கதைக்கிறது?"

"கடையிலையிருந்து செல்வம் கதைக்கிறன் அக்கா. தம்பியின்ரை பேருக்குக் கார் விழுந்திருக்கு!"

சனம் கைதட்டிச்சுது. போனிலை அந்த மனுசி "மாதாவே, மாதாவே" எண்டு அழுற சத்தம் கேட்டுது.

"அழாதேங்கோ அக்கா! நான் அவரின்ரை அம்மாவோடைதானே கதைக்கிறன்? தம்பியைக் கூப்பிடுங்கோவன்."

"ஓம், தாய்தான். அவர் வெளியிலை. வந்தோடனை சொல்லுறன்."

எல்லாரும் சிரிச்சம். சந்தோசத்திலை அழுறா எண்டுதான் நினைச்சம். நானும் சிரிச்சுக்கொண்டே என்ரை தாளிலை "வீட்டாருக்கு அறிவிச்சாச்சு" எண்டு எழுதினன்.

விதிப்படி பேர் விழுந்தவர் பத்து நாளுக்குள்ளை அடையாள அட்டையோடை நேரிலை வரோணும். சின்னக் கணக்கு ஒண்டுக்கு ஒருத்தற்றை உதவியும் இல்லாமல் விடை சொல்லோணும், அது இந்த நாட்டுச் சட்டம். பேந்து கையெழுத்து வைக்கோணும். திங்கள் நான் போன் எடுத்தன். "வருவார், கொஞ்சம் பொறுங்கோ" எண்டா. புதன் எடுத்தன், அதையே சொன்னா. வெள்ளி எடுத்தன். "தாய் வந்து கையெழுத்து வைக்கலாமோ?" எண்டு கேட்டா. ஏலாது எண்டு சொன்னன். ஆள் எங்கையோ வேறை மாகாணத்திலை வேலைக்குப் போயிட்டார், தாய் மறைக்கிறா எண்டு நினைச்சு எனக்குக் கோவமும் வந்தது.

ஒன்பதாம் நாள் அவ கந்தோருக்கே வந்தா. பேர் பிலோமினா. மன்னார்ப் பக்கம். இஞ்சை ஒரு கார்டரியிலை, சின்னப் பிள்ளையளைப் பகலிலை பாக்கிற இடத்திலை, சமைக்கிற வேலை. மெற்றோ எடுத்து, பஸ் எடுத்து, சப்பாத்தெல்லாம் ஸ்னோவோடை வந்து என்ரை மேசைக்கு முன்னாலை இருந்தா. கையிலை ஒரு பிளாஸ்ரிக் உறை. அதுக்குள்ளையிருந்து ஒவ்வொண்டா எடுத்து வைச்சா. ஞானஸ்நானச் சான்றிதழ். பள்ளிக்கூடச் சான்றிதழ். ஒரு படம், பெடியன் வெள்ளைச் சேட்டோடை, மீசை அப்பத்தான் அரும்புது.

"இதுதான் யூட்" எண்டா. "நீங்கள் கேட்ட கணக்குக்கு அவன் கட்டாயம் விடை சொல்லுவான். கணக்கிலை அவன் விண்ணன்."

"அக்கா, அவர் எங்கை?"

"தெரியாது தங்கச்சி."

ஊரிலை கடைசிச் சண்டை முடியேக்கை இவையும் சனத்தோடை சனமா வெளியிலை வந்தவை. வரிசையிலை ஆமிக்காரர் பெடியளை வேறையா எடுத்து ஒரு பஸ்ஸிலை ஏத்தினவையாம். விசாரிச்சுப்போட்டு விடுவம் எண்டு சொன்னவையாம். யன்னலாலை கை காட்டினவனாம். அவனுக்கு அப்ப பத்தொன்பது வயசு. அதுக்குப் பிறகு அவ போகாத முகாம் இல்லை, குடுக்காத மனு இல்லை. பிறகு மகள் இஞ்சை கூப்பிட்டு எடுத்திருக்கிறா.

"அப்ப கூப்பன்?" எண்டு கேட்டன். என்ரை குரல் எனக்கே பிடிக்கேல்லை, பொலிஸ்காரி மாதிரிக் கேட்டன்.

"இஞ்சை வந்த நாளிலையிருந்து எங்கை பெட்டி கண்டாலும் அவன்ரை பேரைத்தான் எழுதிப் போடுறனான். மருந்துக்கடை, வங்கி, சாமான் கடை, எல்லா இடமும். வீட்டு லீசிலை அவன்ரை பேரை எழுத ஏலாது. வரிப் படிவத்திலை எழுத ஏலாது. அந்தப் பெட்டியிலை போட மட்டும் ஆரும் ஒண்டும் கேக்கமாட்டினம். இவ்வளவு வருசமாப் போட்டும் ஒருநாளும் விழேல்லை. இப்ப விழுந்திருக்கு. இருக்கிற ஆளுக்குத்தானே தங்கச்சி விழும்?"

இருபது வருசமாக் குலுக்கல் பாக்கிறன், பெட்டிக்குள்ளை கையை விட்டால் ஏதோ ஒரு சீட்டு வரும், அவ்வளவுதான். அதை அவவுக்குச் சொல்லாமல், படத்தைக் கவனமாத் திருப்பி உறைக்குள்ளை வைச்சுக் குடுத்தன்.

"காரை ஆருக்கும் குடுங்கோ" எண்டா. "எனக்குக் கார் ஓடவும் தெரியாது, மகளுக்கு அதை நிப்பாட்டி விட இடமும் இல்லை. நான் ஒண்டுதான் கேக்கிறன். அவன் இல்லை எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ. ஊரிலை அரசாங்கக் கந்தோர்க்காரர் வீட்டுக்கு வந்து, மரணச் சான்றிதழ் எடுங்கோ, உதவி தாறம் எண்டவை. நான் கையெழுத்து வைக்கேல்லை. என்ரை மனுசன் வருத்தத்திலை கிடந்து சாகுமட்டும் வைக்கேல்லை."

"நான் ஏன் அக்கா அப்பிடி எழுதப்போறன்?" எண்டு சொன்னன். எழும்பி நிண்டு அவவின்ரை கையைப் பிடிச்சும் சொன்னன்.

பத்து நாள் முடிஞ்சுது. திருப்பிக் குலுக்கினம். இல்-பிசார்ப் பக்கத்திலை இருக்கிற ஒருத்தருக்கு விழுந்தது. அந்தாளின்ரை வாசல்லை ஏற்கெனவே ரெண்டு கார் நிக்குது. வந்தார், கணக்குக்கு விடை சொன்னார், கையெழுத்தை வைச்சார், மூண்டாவதையும் கொண்டு போனார். கடையிலை உடனை கதை வெளிக்கிட்டுது. முதல் விழுந்த தமிழ்ப் பெடியனுக்குக் குடுக்காமல் செல்வம் அண்ணை தனக்குத் தெரிஞ்ச ஆளுக்குக் குடுத்துப்போட்டாராம். அவர் எனக்கு நாளுக்கு நாலு தரம் போன் எடுத்துக் கத்தத் தொடங்கினார். அனுமதிக் கந்தோருக்கு அறிக்கை போய், எல்லாம் சட்டப்படி முடிஞ்சுது எண்டு ஒரு தாள் வந்தால் அதைக் கடைக் கண்ணாடியிலை ஒட்டிப்போட்டு நிம்மதியா இருப்பன் எண்டார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம். திங்கள்தான் அறிக்கைக்குக் கடைசி நாள். கர்க்லாண்டிலை என்ரை மகள் வீட்டிலை பேத்திக்குப் பிறந்தநாள், நான் நாலு மணிக்கு வெளிக்கிட்டால்தான் பஸ் பிடிக்கலாம். எல்லாக் கட்டமும் நிரப்பியாச்சு. காரணக் கட்டம் மட்டும் மிச்சம். எங்கடை கந்தோர்க் கொம்பியூட்டரிலை அதுக்கு ஒரு பட்டியல் இருந்தது, அதிலை ஒண்டைத் தெரியோணும்.

ஒவ்வொண்டாப் பாத்தன். "மாகாணத்திலை வசிக்காதவர்" எண்டதை அமத்தினால், அப்ப இப்ப எங்கை வசிக்கிறார், விலாசத்தை எழுது எண்டு இன்னொரு கட்டம் திறந்தது. "தொடர்பு கொள்ள ஏலேல்லை" எண்டு போடலாம், ஆனால் வீட்டோடை கதைச்சது, தாய் நேரிலை வந்தது எல்லாம் என்ரை கையெழுத்திலையே ஃபைலுக்குள்ளை கிடக்கு. "வேறு காரணம்" எண்டால் பிரெஞ்சிலை விளக்கம் எழுதி பெரியவவின்ரை மேசைக்குப் போகோணும், திங்களுக்குள்ளை திரும்பி வராது. அதோடை, கூப்பன்லை எப்பிடி இல்லாத ஆளின்ரை பேர் வந்தது, கடைக்காரன் ஏன் பாக்கேல்லை, நீ ஏன் பாக்கேல்லை எண்டு கேள்வி வரும். அந்தக் கேள்வியளுக்குப் பயந்து அதையும் விட்டன். கடைசிக்கு முதல் வரியிலை "இறந்துவிட்டார்" எண்டு கிடந்தது. அமத்திப் பாத்தன். ஒரு கட்டமும் திறக்கேல்லை, ஒரு கேள்வியும் வரேல்லை.

எனக்கு நானே என்ன சொன்னன் தெரியுமோ? இது ஒரு பட்டியல் வரி. மாகாணக் கந்தோரிலை ஒரு அலமாரிக்குள்ளை போய்ப் படுத்துவிடும். பிலோமினா அக்கா அங்கை போய்ப் பாக்கப்போறாவோ? இப்பிடிச் சொல்லிப்போட்டு அனுப்பினன். பஸ்ஸையும் பிடிச்சன். கேக் வெட்டேக்கை நேரத்துக்கு நிண்டன்.

அடுத்த வியாழன் என்ரை மேசையிலை ஒரு கடிதத்தின்ரை பிரதி கிடந்தது. பேர் விழுந்து பரிசு கிடைக்காத ஆளுக்குக் காரணம் சொல்லிக் கடிதம் போகோணும் எண்டது நாங்கள் எழுதின விதி. அதை நான்தான் எழுதினனான். பட்டியல்லை எந்த வரியைத் தெரிஞ்சமோ, அதை வைச்சுக் கொம்பியூட்டர் தானே கடிதத்தை எழுதும், தபால் பகுதி அனுப்பும். அது எனக்கு வடிவாத் தெரியும். நூறு தரம் பாத்திருக்கிறன். அண்டைக்கு மட்டும் என்ரை மண்டைக்குள்ளை அது வரேல்லை. கடிதம் "திரு. யூட்" எண்டு தொடங்கி, பரிசுக்கு உரியவர் இறந்துவிட்டதாலை பரிசு வேறை ஆளுக்குப் போயிட்டுது எண்டு பிரெஞ்சிலை மரியாதையாச் சொல்லிச்சுது. செத்துப்போட்டார் எண்டு செத்தவருக்கே கடிதம். தபால் பகுதிக்கு ஓடினன். ரெண்டு நாளைக்கு முன்னமே போயிட்டுது எண்டிச்சினம்.

பெரியவவிட்டைப் போய் எல்லாத்தையும் சொன்னன். அவ திட்டேல்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுகமா இருந்திருக்கும். "நீ கட்டத்தை நிரப்பினது பிழையில்லை, பொய்யாலை நிரப்பினதுதான் பிழை" எண்டா. அறிக்கையைத் திருத்தச் சொன்னா. அவவுக்கு முன்னாலையே இருந்து ஒரு வரி எழுதினன். பேர் விழுந்தவர் எங்கை இருக்கிறார் எண்டு குடும்பத்துக்குத் தெரியாது, அவராலை நேரிலை வர ஏலேல்லை. அவ்வளவும்தான். அனுப்பினம். ஒரு கிழமையாலை அனுமதிக் கந்தோரிலையிருந்து பதில் வந்தது. திருத்தம் கிடைச்சுது, நன்றி எண்டு ரெண்டு வரி. ஒரு கேள்விகூடக் கேக்கேல்லை, பிள்ளையள். நான் எந்தக் கேள்விக்குப் பயந்து அந்தப் பெடியனைச் சாகடிச்சனோ, அந்தக் கேள்வியை ஆரும் கேக்கவே இல்லை.

அதாலைதான் சொல்லுறன். தெரியாது எண்டு எழுதப் பயப்பிடாதேங்கோ. ஒண்டு தெரியாட்டில் தெரியாது எண்டு எழுதுங்கோ, பிறகு வாறதைப் பாப்பம். உங்களுக்கு இப்ப அனுமதிக் கந்தோர் இல்லாட்டிலும் கடிதம் நீங்கள்தானே அனுப்புறியள். உறைக்கு வெளியிலை ஒருத்தன்ரை பேரை எழுத முதல், உள்ளுக்கை என்ன கிடக்கு எண்டு வாசிச்சுப் பாருங்கோ.

பிழை தெரிஞ்ச கிழமையே, யூட்டுக்கு எண்டு திருத்தின கடிதத்தைக் கைப்பையிலை வைச்சுக்கொண்டு சனிக்கிழமை நோத்ர-டாம்-த-கிரேஸிலை பிலோமினா அக்கா வீட்டுக்குப் போனன். போகேக்கை வழி முழுக்க மனசுக்குள்ளை மன்னிப்புக் கேட்டுப் பழகிக்கொண்டு போனன். கதவைத் திறந்தது மகள். பிரெஞ்சு நல்லா வாசிக்கிற பிள்ளை, மருந்துக்கடையிலை வேலை. என்னைத் தெரிஞ்சோடனை முகம் கறுக்கும் எண்டு பாத்தன். அவள் சிரிச்சாள்.

"வாங்கோ அன்ரி. அம்மா நல்ல சந்தோசமா இருக்கிறா. அண்ணாவுக்குக் கடிதம் வந்ததெண்டு சொல்லிக்கொண்டே திரியிறா."

"கடிதத்திலை என்ன எழுதியிருக்கு எண்டு பாத்தனீங்களோ?"

"அம்மா உடைக்க விடேல்லை. அவன்ரை கடிதம், அவன் வந்து உடைக்கட்டும் எண்டிட்டா."

முன்னறையிலை மடு மாதா சுரூபம். அதுக்குக் காலடியிலை எங்கடை கந்தோர் உறை, ஒட்டினபடி, நிமித்தி வைச்சிருந்தது. யன்னல் மாதிரி இருக்கிற கண்ணாடித் தாளுக்குள்ளாலை யூட் எண்ட பேர் தெரிஞ்சுது. உடைக்கேல்லை! மாதாவே, உடைக்கேல்லை! இப்பவே எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் எண்ட மாதிரி ஒரு நிம்மதி. பிலோமினா அக்கா அடுப்படியிலையிருந்து ரீ கொண்டு வந்தா.

"பாத்தனீங்களோ தங்கச்சி? இந்த நாட்டிலை அவன்ரை பேருக்கு வந்த முதல் கடிதம்."

"அக்கா, அதை என்னட்டைத் தாங்கோ. அதிலை ஒரு பிழை வந்திட்டுது. சரியான கடிதம் கொண்டுவந்திருக்கிறன்."

"என்ன பிழை?"

"கந்தோர்ப் பிழை."

"பேரிலை பிழையோ?"

"பேர் சரி அக்கா."

"விலாசத்திலையோ?"

"விலாசமும் சரி."

மகள் அடுப்படியிலை தண்ணியை நிப்பாட்டினது கேட்டுது.

"பேரும் சரி, விலாசமும் சரியெண்டால், வேறை என்னத்திலை பிழை?"

எனக்குக் கண்ணீர் வந்திட்டுது. நான் அழுததே அவவுக்குப் பதிலாப் போச்சு.

"நீங்கள் சொல்ல வேண்டாம்" எண்டா. "கந்தோரிலையிருந்து என்ரை பிள்ளையின்ரை பேருக்கு வாற கடிதத்திலை என்ன எழுதியிருப்பினம் எண்டு எனக்குத் தெரியாதோ? அதுதான் நான் உடைக்கேல்லை."

அந்தக் கடிதத்தை அவ தரேல்லை. "அது உங்கடை இல்லை, அவன்ரை" எண்டா. நான் கொண்டுபோனதை வாங்கினா. அதையும் உடைக்கேல்லை. முதல் உறைக்கு மேலை வைச்சா. "ரீ ஆறுது, குடியுங்கோ" எண்டா. குடிச்சன். என்னை ஏசியிருக்கலாம், அடிச்சிருந்தாலும் வாங்கியிருப்பன். வெளியிலை குளிர், தொப்பியைப் போடுங்கோ எண்டு சொல்லி அனுப்பினா.

அடுத்த நத்தாருக்கும் செல்வம் அண்ணை போட்டி வைச்சார். அந்த முறை கார் இல்லை, ஒரு பெரிய ரீவி. நான் ஓய்வெடுக்கப் போற வருசம், என்ரை கடைசிக் குலுக்கல். பெட்டிக்குப் பக்கத்திலை நிக்கேக்கை பிலோமினா அக்கா வந்தா. அரிசி, கொஞ்சம் முருங்கைக்காய், மீன். காசு குடுத்து முடிய, செல்வம் அண்ணை ஒரு கூப்பனும் பேனையும் எடுத்து நீட்டினார். "போடுங்கோ அக்கா, இந்த முறை விட்டால் ஏலாது" எண்டு பெருஞ்சத்தமாச் சிரிச்சார்.

அவ பேனையை வாங்கினா. கூப்பன்லை பேர் எழுதுற இடத்திலை பேனையை வைச்சா. ஆனால் எழுதேல்லை. பின்னுக்கு வரிசையிலை சனம் நிக்குது. பேந்து தலையைத் தூக்கி, செல்வம் அண்ணையைப் பாக்கேல்லை, என்னைப் பாத்துக் கேட்டா.

"இதுக்கும் பிறகு கடிதம் வருமோ, தங்கச்சி?"

பேர் விழுந்து ஆள் வராட்டில் வரும் எண்டு சொன்னன். பொய் சொல்ல எனக்குப் பயமா இருந்தது.

அவ கூப்பனை வெறுமையாவே திருப்பிக் குடுத்தா. சாமான் பையைத் தூக்கிக்கொண்டு போனா.